விளக்கடியில் வளரும் கீரைக்குப் புற ஊதா ஒளி தேவையா?

வீட்டின் ஓர் அறையில் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் லெட்டூஸும் கீரையும் வளர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விதைப் பொட்டலத்தின் படத்தில் லொல்லோ ரோசோ லெட்டூஸ் கருஞ்சிவப்பாக இருக்கிறது. எனக்கு வந்ததோ முழுக்கப் பச்சை, ஓரத்தில் மட்டும் லேசான செம்மை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அறைக்குள் இல்லாததுதான் காரணம் என்கிறார்கள். புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி மாட்டினால் நிறம் வருமா? சத்து கூடுமா? அப்படி வளர்த்ததைச் சாப்பிடலாமா?"

நிறம் வரும். சத்து என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும். தாராளமாகச் சாப்பிடலாம். ஆனாலும் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விளக்கு விற்பவர்கள் புற ஊதாவை ஏதோ செடிக்கு விட்டுப்போன உணவு என்பதுபோலப் பேசுகிறார்கள். செடி அதை உணவாகப் பார்ப்பதில்லை. ஆபத்தின் அறிகுறியாகப் பார்க்கிறது. நமக்குக் கிடைக்கும் நிறமும் மணமும் அந்த ஆபத்துக்குச் செடி செய்துகொள்ளும் முன்னேற்பாடுகள். அந்த ஏற்பாட்டுக்கான செலவையும் செடியேதான் கட்டுகிறது.

புற ஊதா என்பது ஒரே ஒளி அல்ல என்பதிலிருந்து தொடங்குகிறேன். அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரை உள்ளது ஏ, 280 முதல் 315 வரை பி, அதற்கும் கீழே சி. தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏ வகைதான். பி வகையின் பெரும்பகுதியை ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. சி வகை தரையைத் தொடுவதே இல்லை. அலைநீளம் குறையக் குறைய ஒளியின் ஒவ்வொரு துகளும் சுமந்துவரும் ஆற்றல் ஏறும். 310 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல், 660 நானோமீட்டர் சிவப்பு ஒளித்துகளினுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எந்த வகை, எத்தனை நானோமீட்டர் என்று கேட்காமல் 'யு.வி. விளக்கு' வாங்குவது, மருந்துக் கடையில் போய் "ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பதைப் போன்றது.

இப்போது உங்கள் அறை. சாதாரண ஜன்னல் கண்ணாடி பி வகையைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும், ஏ வகையில் கணிசமான பங்கை உள்ளே விடும். கூரைக்குப் போடும் பாலிகார்பனேட் தகடு இரண்டையுமே அநேகமாக விடாது. வெள்ளை எல்.இ.டி. விளக்கு என்பது நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் நிறப் பூச்சு பூசியது. அதிலிருந்து புற ஊதா ஏதும் வருவதில்லை. அட்டையில் 'முழு நிறமாலை' என்று அச்சிட்டிருந்தாலும் இதுதான் நிலைமை. அறையையே கத்தரிப்பூ நிறமாக்கும் மலிவு விளக்குகளைப் பார்த்துப் பலர் அது புற ஊதா என்று நினைக்கிறார்கள். அது சிவப்பும் நீலமும் கலந்த நிறம், வேறொன்றுமில்லை. ஆக, உங்கள் லெட்டூஸ் முளைத்த நாள் முதல் அறுவடை வரை புற ஊதாவையே காணாமல் வளர்ந்திருக்கிறது.

அதனால் அது நோஞ்சானாகிவிட்டதா என்றால் இல்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் 2008-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. நீங்கள் கேட்கும் அதே லொல்லோ ரோசோ வகையைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். புற ஊதாவை உள்ளே விடும் பிளாஸ்டிக் படலத்தின் கீழும், வெவ்வேறு அளவில் தடுக்கும் படலங்களின் கீழும் வளர்த்துப் பார்த்தார்கள். புற ஊதாவை உள்ளே விட்ட இடத்தில் வளர்ந்த செடியில் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி, முழுவதும் தடுத்த இடத்தில் இருந்ததைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு. அதே நேரம் முழுவதும் தடுத்த இடத்துச் செடியின் உலர் எடை, உள்ளே விட்ட இடத்துச் செடியைப்போல 2.2 மடங்கு வரை போயிற்று. விளம்பரங்கள் எட்டு மடங்கை மட்டும் எடுத்துக்கொண்டு 2.2-ஐ விட்டுவிடுகின்றன. எடைக்கு விற்பவருக்கு முக்கியம் இரண்டாவது எண்தான். உங்கள் லெட்டூஸ் இலை அகலமாகவும் மெத்தென்றும் வந்திருக்குமே, அது புற ஊதா இல்லாததால் கிடைத்த ஆதாயம்.

செடிக்கு இது எப்படித் தெரிகிறது? புற ஊதா பி-யை உணர்வதற்கென்றே செடிகளிடம் ஒரு புரதம் இருக்கிறது. யு.வி.ஆர்.8 என்று பெயர். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் அதை ஆராய்ந்து, அதுதான் ஒளியை நேரடியாக வாங்கும் ஏற்பி என்று 2011-ல் நிறுவினார்கள். இந்தப் புரதம் சாதாரணமாக இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் உள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் பி ஒளியை உறிஞ்சியதும் ஜோடி பிரிந்துவிடுகிறது. பிரிந்த துண்டு இன்னொரு புரதத்தோடு சேர்ந்து வரிசையாகப் பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அவற்றுள் ஒன்று, ஃபிளேவனாய்டு என்ற தாவர வேதிப்பொருள்களின் உற்பத்தியில் முதல் கதவைத் திறக்கும் நொதிக்கு உரியது. குவெர்செட்டின் முதலான ஃபிளேவனாய்டுகள் இலையின் மேல்தோல் செல்களில் நிரம்பி, பின்னால் வரும் புற ஊதாவை உள்ளே போகவிடாமல் உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தோசயனின் இதே உற்பத்திப் பாதையின் ஒரு கிளை. புற ஊதாவைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு நிறமற்ற ஃபிளேவனாய்டுகளுடையது. சிவப்பு கூடவே வருகிறது. இலை சிவக்கவில்லை என்பதற்காகச் செடி எதுவுமே செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இந்தப் புரதம் விழித்துக்கொள்ள மிகக் குறைந்த பி ஒளியே போதும். இலைக்குக் காயம் உண்டாகும் அளவுக்கு வெகு கீழேயே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. நடைமுறையில் எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் செய்தி வேறில்லை. கொஞ்சம் கொடுத்தால் சிவக்கிறது, நிறையக் கொடுத்தால் இன்னும் சிவக்கும் என்று போகிறவர்கள்தான் தட்டுத் தட்டாகச் செடியைக் கருக்குகிறார்கள்.

கருகுவது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைச் சத்துக் குறைபாடு என்று நினைத்து உரக் கரைசலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் இலையின் மேற்புறம் மெழுகு தேய்த்தது போலப் பளபளக்கும். அடுத்த சில நாட்களில் அந்தப் பளபளப்பு வெண்கல நிறமாகும். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். இலையை மடித்தால் வளையாமல் முறியும். உரப் பிரச்சினையா, ஒளிப் பிரச்சினையா என்று தீர்மானிக்க, மேல் இலை மறைத்துக்கொண்டிருந்த இடத்தைத் தூக்கிப் பாருங்கள். உரக் குறைபாடு நிழலைப் பார்த்து ஒதுங்காது. புற ஊதாவால் வந்தது என்றால், மறைந்திருந்த பகுதி மேலிலையின் விளிம்பை அப்படியே வரைந்தெடுத்தது போலப் பச்சையாக, நலமாக இருக்கும். அளவாகக் கொடுத்த சிவப்பு லெட்டூஸிலும் இந்த நிழல் அச்சைக் காணலாம். அங்கே எல்லைக்கு வெளியே வெண்கலத்துக்குப் பதில் சிவப்பு இருக்கும்.

உள்ளே நடப்பது இன்னும் மோசமானது. பி ஒளி டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுகிறது. செடியிடம் இதைச் சரிசெய்ய ஃபோட்டோலயேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய நீல ஒளியோ புற ஊதா ஏ ஒளியோ வேண்டும். ஆகவே பி விளக்கை, வளர்ப்பு விளக்குகள் எரியும் நேரத்தில் மட்டுமே போட வேண்டும். மின்சாரக் கட்டணத்தை நினைத்தோ, ஆட்கள் இல்லாத நேரம் என்று நினைத்தோ நள்ளிரவில் தனியாக எரியவிட்டால், காயம் மட்டும் விழும், மருத்துவர் வரமாட்டார். இதே உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தியும் ஒரு வைத்தியம் இருக்கிறது: ஸ்ட்ராபெரியைத் தாக்கும் சாம்பல் நோய்ப் பூஞ்சையும் தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்க ஒளியையே நம்பியிருப்பதால், இருட்டில் செடிக்குத் தாங்கும் அளவு புற ஊதாவைக் குறைந்த நேரம் காட்டி அதை ஒடுக்குகிறார்கள். வீட்டில் செய்து பார்க்கும் காரியம் அல்ல அது.

சரி, உங்கள் சிவப்புக்கு வருவோம். புற ஊதாவுக்குப் போவதற்கு முன் நீல ஒளியை முயன்று பாருங்கள். ஃபிளேவனாய்டுப் பாதையை நீல ஒளியின் ஏற்பிகளும் தள்ளிவிடும். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளம் சிவப்பு லெட்டூஸ் இலைகளை வைத்துச் செய்த, 2009-ல் வெளியான ஆய்வில், வெள்ளை ஒளியோடு புற ஊதா ஏ சேர்த்தபோது அந்தோசயனின் 11 சதவீதம் கூடியது; நீலம் சேர்த்தபோது 31 சதவீதம். நீல எல்.இ.டி. மலிவு, நீடித்து உழைக்கும். அடுத்தது வெப்பம். அறை 30 டிகிரியைத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருந்தால் எந்த விளக்குப் போட்டாலும் லெட்டூஸ் ஒழுங்காகச் சிவக்காது; குளிர்ச்சி அந்தோசயனினுக்குத் துணை, வெக்கை பகை. மூன்றாவது, கரைசலில் தழைச்சத்து. நைட்ரஜனை அள்ளிக் கொடுத்தால் செடி இலையை விரித்துக்கொண்டே போகும், நிறமிக்குச் செலவழிக்காது. விளக்குகளை வைத்திருக்கும் உயரமும் அவற்றின் மொத்த ஒளியளவும் குறைவாக இருந்தால் இலைக்குச் சர்க்கரையே போதாது. அந்தோசயனின் சர்க்கரையிலிருந்து கட்டப்படும் பொருள். இந்த நான்கையும் சரிபார்த்தாலே படத்தில் பார்த்த சிவப்பில் பெரும்பங்கு வந்துவிடும் என்பது என் கணிப்பு.

நம் ஊர்க் கீரைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். சிவப்புத் தண்டுக்கீரையின் சிவப்பு அந்தோசயனின் அல்ல. அது பீட்டாலைன் என்ற முற்றிலும் வேறு குலத்து நிறமி. பீட்ரூட்டில் இருப்பதும் அதன் உறவுதான். கொடிப்பசலையின் செந்தண்டும் அப்படியே. பீட்டாலைன் செய்யும் செடி அந்தோசயனின் செய்யாது. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. எனவே லெட்டூஸில் கண்ட எட்டு மடங்குக் கணக்கைச் செங்கீரைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. புளிச்சகீரையின் சிவப்புத் தண்டு அந்தோசயனின் வகை. அதில் ஒளிக்குத் தகுந்த மாற்றத்தை எதிர்பார்க்கலாம். இரண்டு செடிகள் ஒரே நிறத்தில் இருப்பதாலேயே ஒரே வைத்தியத்துக்குக் கட்டுப்படும் என்று எண்ணக் கூடாது.

என்னைக் கேட்டால், அறைக்குள் வளர்ப்பவர் புற ஊதா பி-க்குக் காசு செலவழிக்கத் தகுதியான செடி, சிவப்பு லெட்டூஸைவிடத் திருநீற்றுப்பச்சிலைதான். சப்ஜா விதை தரும் அதே செடி. மேலைநாட்டுச் சமையலில் பாசில் என்று கேட்கிறார்களே, அந்த இனம். அதன் இலையைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் பரப்பெங்கும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மணம் முழுவதும் அந்தப் பைகளில்தான் இருக்கிறது. பி ஒளி இல்லாமல் வளர்த்த பாசிலில் அந்தச் சுரப்பிகள் முழு வளர்ச்சி பெறாமல் நின்றுவிடுவதும், பி ஒளி கிடைத்ததும் உப்பி நிறைவதும் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் நுண்ணோக்கியிலேயே காட்டப்பட்டிருக்கிறது. உணவகத்துக்கு விற்கும் பாசில் கட்டை வாங்குபவர் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். அங்கே இந்த முதலீட்டுக்கு அர்த்தம் இருக்கிறது.

சத்து கூடுமா என்ற கேள்விக்கு, கூடுவது பெரும்பாலும் ஃபிளேவனாய்டுகள், குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஃபீனால் பொருள்கள். முட்டைக்கோஸ் குடும்பத்தில் அந்தக் குடும்பத்துக்கே உரிய கார நெடியைத் தரும் குளுக்கோசினோலேட்டுகள். கீரையை நாம் எதற்காகச் சாப்பிடுகிறோமோ அந்த இரும்பும் சுண்ணாம்பும் விளக்கிலிருந்து வருவதில்லை. வேர் உறிஞ்சும் கரைசலிலிருந்து வருகின்றன. வைட்டமின் சி விஷயத்தில் பயிருக்குப் பயிர், அளவுக்கு அளவு விடை மாறுகிறது. நம்பி எதையும் வாக்களிக்க முடியாது. புற ஊதா பட்டால் கீரையில் வைட்டமின் டி உண்டாகும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அது காளானுக்குப் பொருந்தும் கதை. காளானில் எர்கோஸ்டெரால் இருக்கிறது, அது புற ஊதா பட்டு டி2 ஆகிறது. கீரையை வைட்டமின் டி-க்காக விளக்கில் காட்டிப் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் புற ஊதா வேண்டும் என்பவர்களுக்கு. ஏ வகையில் 365 முதல் 395 நானோமீட்டர் எல்.இ.டி. எளிதாகக் கிடைக்கிறது. சிறிதளவு ஏ சேர்த்ததில் லெட்டூஸின் இலைப்பரப்பும் எடையும் கூடியதாகவே சில ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு ஏற ஏற அந்த ஆதாயம் தேய்ந்துபோகிறது. பயந்து தொடங்குபவர்களுக்கு ஏ வகைதான் பொருத்தம். பி வகையில் எல்.இ.டி. இன்னும் விலை அதிகம், மின்சாரத்தில் சில சதவீதத்தைத்தான் ஒளியாக்குகிறது. தோல் நோய்ச் சிகிச்சைக்குப் பயன்படும் 311 நானோமீட்டர் குழல்விளக்கு ஒரு வழி. அதைப் போடுகிறவர்கள் பயிர்க்காலம் முழுவதும் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. இலை முழுதாக விரிந்த பிறகு, அறுவடைக்கு முந்தைய சில நாட்களில் மட்டும், முதல் நாள் சில நிமிடங்களில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எடை இழப்பையும் தவிர்க்கலாம், நிறமும் கிடைக்கும். ஒரு தட்டில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. லக்ஸ் மீட்டர் புற ஊதாவைப் பார்ப்பதில்லை. செடிகளுக்கென்று விற்கும் ஒளிமானியும் பொதுவாக 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான் அளக்கும். புற ஊதாவுக்கென்று தனி மீட்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் விளக்கின் உயரத்தை மாற்றாமல் நிமிடங்களை மட்டும் மாற்றுங்கள். உயரத்தையும் நிமிடத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்றே தெரியாது. குழல்விளக்கின் புற ஊதா, பயன்பாட்டில் குறைந்துகொண்டே வரும். கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் அப்படியே இருப்பதால் அது நமக்குத் தெரியாது. சுவருக்கு வெள்ளை அடித்தால் எதிரொளிக்கும் என்று எண்ண வேண்டாம். வெள்ளைப் பெயின்ட்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாவை விழுங்கிவிடும். அலுமினியத் தகடுதான் திருப்பி அனுப்பும். பிளாஸ்டிக் தட்டுகளும் குழாய்களும் காலப்போக்கில் மஞ்சளாகி நொறுங்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சி வகையை இலைப்பக்கமே கொண்டுவராதீர்கள். 254 நானோமீட்டர் கிருமிநாசினிக் குழல், கரைசல் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கானது. அங்கேயும் ஒரு பக்கவிளைவு இருக்கிறது. கரைசலில் இரும்பு கரைந்த நிலையில் இருப்பதற்குக் காரணம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கீலேட் மூலக்கூறு. புற ஊதா அந்த மூலக்கூறைச் சிதைத்துவிடும், இரும்பு துருவாக அடியில் படியும். புதுத் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைவெளி மஞ்சளாக வரத் தொடங்கினால், தொட்டியில் கிருமிநாசினி விளக்கு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெல்டிங் பொறியை வெறும் கண்ணால் பார்த்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் கண் உறுத்தி நீர் வடியுமே, பி, சி விளக்குகளைப் பார்த்தாலும் அதேதான் வரும். பார்க்கும் நேரத்தில் ஒன்றும் தெரியாது என்பதுதான் அபாயம். விளக்கு ஒளி மங்கலாகத்தான் தெரியும். குழந்தைகள் கிட்டே போய் நின்று பார்ப்பார்கள். கதவைத் திறந்தால் தானாக அணையும் சுவிட்ச் இல்லாமல் இந்த விளக்கை வசிக்கும் வீட்டில் மாட்டாதீர்கள். பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்; முன்பு சொன்ன அதே குணம் இங்கே உதவும். இலையைச் சாப்பிடுவதில் பயம் வேண்டாம். புற ஊதா இலையில் தங்குவதில்லை; இது கதிரியக்கமும் அல்ல. இலை சற்றுத் தடிப்பாகவும், துவர்ப்பு ஒரு படி தூக்கலாகவும் இருக்கலாம்.

மொட்டை மாடியோ வெயில் விழும் பால்கனியோ உங்களுக்கு இருந்தால், விளக்கு எதற்கு? கடைசி சில நாட்கள் தட்டுகளை வெளியே எடுத்து வையுங்கள். பி ஒளி இலவசமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு நாளும் வெயிலைக் காணாத அறை இலையின் மேல்தோலில் தற்காப்பு ஏதும் இருக்காது. நேராக உச்சி வெயிலில் வைத்தால் மாலைக்குள் வெளுத்துத் தொங்கிவிடும். முதல் நாள் நிழல்வலைக்குக் கீழே, அடுத்த நாள் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கூடுதலாக என்று பழக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இதைச் செய்யாதீர்கள். லெட்டூஸ் சிவப்பதற்குள் வெக்கையில் கசந்துவிடும். மார்கழி, தை பொருத்தமான காலம். நிறம் ஏறியதும் அறுத்துவிடுங்கள். மறுபடி அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் அடுத்து வரும் இலைகள் பழையபடி பச்சையாகவே வரும்.